சுவரில் விழும் கோடு

நுழையும்முன்

இருளை விலக்க மனிதர் விளக்கை ஏற்றினர். பின்னர், ஏற்றிய விளக்கோடு விரைந்து செல்லவும் கற்றனர். தம் வழியைக் காண ஒருவர் ஏந்தும் வெளிச்சம், எதிரே வருபவரின் வழியை மறைத்துவிடக் கூடாது என்னும் கடமையும் அவ்விரைவோடு வந்து சேர்ந்தது. இருசக்கர வண்டியின் முகப்பு விளக்கை வீட்டு வாயிலிலேயே சரிபார்க்கும் எளிய பணியின் வழியாக அக்கடமையைப் பேசுகிறது இப்பாடம்.

புத்தூரின் மாலைப்பொழுது

திருச்சிராப்பள்ளியில் உறையூரை அடுத்து அமைந்த பகுதி புத்தூர். சோழர் காலந்தொட்டு வயல்களுக்கு நீர் சுமந்துவரும் உய்யக்கொண்டான் வாய்க்கால் இதன் ஊடே செல்கிறது. நால்ரோடு என்று மக்கள் அழைக்கும் சந்திப்பில் நகரத்தின் இரைச்சல் முழுவதும் கூடிப் பிரிகிறது. முத்தமிழ்க் காவலர் கி. ஆ. பெ. விசுவநாதம் பெயரால் 1997இல் தொடங்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியுடன் இணைந்த மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை இங்குதான் உள்ளது. வயலூர்ச் சாலை, பிஷப் ஹீபர் கல்லூரியைக் கடந்து முருகன் கோவிலை நோக்கிச் செல்கிறது.

பொழுது சாயும் வேளையில் இச்சாலைகளில் இருவகை மக்கள் எதிர்ப்படுகின்றனர். வண்டியில் வருவோர் ஒரு வகை. நடந்து செல்வோர் மற்றொரு வகை. மருத்துவமனையில் படுத்திருக்கும் உறவினருக்குத் தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டு செல்பவர், கடையை மூடிவிட்டு வீடு திரும்பும் முதியவர், தனிப்பயிற்சி முடிந்து மிதிவண்டியில் வரும் மாணவர் ஆகியோர் சாலையின் ஓரத்தை நம்பியே செல்கின்றனர். சித்திரைத் தேரோட்டத்திற்காகச் சமயபுரம் நோக்கி நடப்போர் இரவெல்லாம் சாலையோரமாக வரிசையாகச் செல்வதுண்டு. மார்கழியில் வைகுந்த ஏகாதசியன்று திருவரங்கத்தின் பரமபத வாசல் திறப்பைக் காண, விடியும் முன்பே காவிரிப் பாலத்தைக் கடப்போரும் மிகப்பலர். இவர்கள் அனைவரும் எதிரே வரும் வண்டியின் விளக்கை நேருக்கு நேர் சந்திக்கின்றனர். அந்த விளக்கு எந்தத் திசையை நோக்கியிருக்கிறது என்பதைப் பொறுத்தே அவர்கள் நடக்கும் வழி தெரிவதும் மறைவதும் அமைகின்றன.

வண்டியின் உரிமையாளர் காற்று, எண்ணெய், பிரேக் ஆகியவற்றை அவ்வப்போது பார்த்துக்கொள்கிறார். அவற்றில் குறை நேர்ந்தால் வண்டியே அவருக்கு அதை உணர்த்திவிடும். காற்று இறங்கிய டயர் கையை இழுக்கும். தேய்ந்த பிரேக் ஓசை எழுப்பும். முகப்பு விளக்கு மட்டும் தன் குறையைத் தன் உரிமையாளரிடம் சொல்வதில்லை. மேல்நோக்கித் திரும்பிய விளக்கு தொலைவில் உள்ள மரக்கிளைகளையும் பெயர்ப்பலகைகளையும் ஒளிரச் செய்வதால், ஓட்டுபவருக்கு அது நல்ல விளக்காகவே தோன்றும். அதன் குறையை அறிபவர் எதிரே வருபவர்தாம். அவரோ நொடிப்பொழுதில் கடந்து போய்விடுகிறார், நின்று சொல்வதில்லை.

கண்ணும் இருளும்

இருளில் கண்ணின் பாவை விரிகிறது. இளையோர் கண்ணில் அது ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் வரை அகலும். கூரிய ஒளி பட்டவுடன் பாவை சுருங்கிவிடும். ஒளி அகன்ற பின் மீண்டும் விரிவதற்கு நேரமாகும். கண்ணின் உள்ளே விழித்திரையிலும் ஒரு மாற்றம் நிகழ்கிறது. 1876ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர் பிரான்ஸ் பால், தவளையின் விழித்திரையில் உள்ள சிவந்த நிறமி ஒளிபட்டதும் வெளிறுவதைக் கண்டறிந்தார். மங்கிய ஒளியில் பார்ப்பதற்கு உதவும் அந்நிறமி ரொடாப்சின் எனப்படும். வைட்டமின் ஏ குறைந்தால் இந்நிறமி போதிய அளவு உருவாவதில்லை. பொழுது சாய்ந்ததும் பார்வை மங்கும் அந்நிலையைத் தமிழ் மக்கள் ‘மாலைக்கண்’ என்று பொருத்தமாகப் பெயரிட்டு அழைத்தனர்.

எதிர்வரும் விளக்கின் கூரிய ஒளி, நல்ல கண்ணுக்கும் சில நொடிகள் மாலைக்கண்ணைத் தந்துவிடுகிறது. வண்டி கடந்து போன பின்னும் கண்முன் ஒரு கருந்திரை நிற்கிறது. கண்புரை தொடங்கிய முதியவர்க்கு இத்துன்பம் மேலும் மிகுதி. கலங்கிய விழிவில்லை, வரும் ஒளியைச் சிதறடித்துப் பார்வை முழுவதையும் வெண்மையாக்கிவிடும்.

இச்சில நொடிகளின் விலையை எளிய கணக்கால் அறியலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் விரைவில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் நகர்கிறது. மூன்று நொடிகள் பார்வை மறைந்தால், ஓட்டுபவர் 50 மீட்டர் தொலைவைக் கண்ணை மூடிக்கொண்டு கடப்பதற்கு ஒப்பாகும். அந்த ஐம்பது மீட்டருக்குள் ஒரு பள்ளமோ, நிறுத்தி வைத்த டிராக்டரோ, சாலையைக் கடக்கும் ஒரு மனிதரோ இருக்கக்கூடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த தார்ச்சாலை ஒளியைக் கண்ணாடிபோல் திருப்பி அனுப்பும்போது இடர் இன்னும் கூடுகிறது.

குவியத்தில் ஒரு சுடர்

முகப்பு விளக்கின் உள்ளே இருப்பது, ஒரு சிறு பல்பும் அதன் ஒளியைத் திருப்பும் பளபளப்பான கிண்ணமுமே. வண்டிப் பட்டறைகளில் இவ்வமைப்பை ‘டூம்’ என்பர். அக்கிண்ணத்தின் வளைவு பரவளைய வடிவமுடையது. பரவளைய ஆடியின் குவியத்தில் வைத்த ஒளி, ஆடியில் பட்டுத் திரும்பும்போது சிதறாமல் இணைக்கதிர்களாக நேரே செல்லும். பேருருவ விளக்குகளுக்கும் விரல் நீளமுள்ள கைவிளக்கிற்கும் இந்த ஒரே விதிதான்.

தொலைவு வரை நேரே செல்லும் இக்கதிர் எதிரில் வருபவரின் கண்ணையும் தாக்குமே என்னும் சிக்கலுக்கு, ஒரே பல்பினுள் இரண்டு இழைகளை அமைத்து 1920களில் தீர்வு கண்டனர். ஓர் இழை குவியத்தில் நிற்கும். அது எரிந்தால் ஒளி நேரே தொலைவுக்குப் பாயும். மற்றோர் இழை குவியத்திற்குச் சற்று முன்னே நிற்கும். அதன் அடியில் ஒரு சிறு உலோகத் தகடு இருக்கும். கீழ்நோக்கிச் செல்லும் ஒளியை அத்தகடு மறைப்பதால், கிண்ணத்தின் மேற்பாதியில் மட்டுமே ஒளி படும். அங்கிருந்து திரும்பி, சாலையை நோக்கித் தாழ்ந்து விழும். மக்கள் வழக்கில் முன்னது ‘பிரைட்’, பின்னது ‘டிம்’. ‘டிம்’ என்றால் மங்கல் என்று பொருள் இருந்தாலும், இவ்விளக்கு மங்கியது அன்று. நம் நாட்டு மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் பொருத்தப்பெறும் ‘எச்எஸ்1’ வகைப் பல்பில் இரண்டு இழைகளும் 35 வாட் ஆற்றல் உடையனவே. வேறுபாடு ஒளியின் அளவில் இல்லை. அது விழும் இடத்தில் இருக்கிறது.

இவ்வளவு நுட்பமாக இழையின் இடம் வகுக்கப்பட்டிருப்பதால், அவ்விடம் சிறிது பிறழ்ந்தாலும் ஒளி ஒழுங்கு குலைகிறது. இழைப் பல்புக்கென வடிக்கப்பட்ட கிண்ணத்தில், வெளிச்சம் மிகுதி என்பதற்காக வேறு வடிவுள்ள எல்இடி பல்பைச் செருகும்போது, ஒளி பிறக்கும் புள்ளிகள் இடம் மாறிவிடலாம். அப்போது கதிர்கள் திசைகெட்டுச் சிதறி எதிர்வருவோர் கண்ணை நிறைக்கும். பல்பைச் சரியாகப் பொருத்தாமல் விட்டாலும், வண்டி கீழே விழுந்து விளக்குத் தாங்கி வளைந்தாலும் இதே குறை நேரும்.

சுவரும் சுண்ணக்கட்டியும்

விளக்கு நோக்கும் திசையை அறிய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டுவதில்லை. சமதளமான வாயிலும், எதிரே ஒரு வெற்றுச் சுவரும், ஒரு சுண்ணக்கட்டியும், அளவுநாடாவும், வண்டியோடு வந்த ஸ்பேனரும், உடன் நிற்க ஓரிருவரும் போதும். புத்தூர்த் தெரு ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை மாலையில் தந்தையும் தாயும் பதினோராம் வகுப்பில் பயிலும் மகளும் இப்பணியில் ஈடுபடுவதாகக் கொள்ளலாம்.

முதலில் தந்தை இரு டயர்களிலும் காற்றின் அளவைச் சரிபார்க்கிறார். பின் டயரில் காற்று குறைந்திருந்தால் வண்டியின் பின்புறம் தாழ்ந்து விளக்கு மேலே நோக்கும். அந்நிலையில் விளக்கைத் திருத்தினால், காற்று அடைத்ததும் அளவு மீண்டும் மாறிவிடும். பிறகு வண்டியைச் சுவரை ஒட்டி நேராக நிறுத்தி, தாம் வழக்கம்போல் அதன்மீது அமர்கிறார். வண்டி நிலைத்தாங்கியில் நிற்கும்போது பார்ப்பது பயன்தராது. பக்கத் தாங்கியில் வண்டி சாய்ந்திருக்கும்; நடுத் தாங்கியில் பின்சக்கரம் உயர்ந்திருப்பதால் விளக்கு உண்மையைவிடத் தாழ்ந்து காட்டும். சாலையில் வண்டி எவ்வாறு செல்லுமோ, அவ்வாறே இரு சக்கரங்களின் மீதும், ஓட்டுபவரின் எடையோடும் அது நிற்க வேண்டும்.

விளக்கின் நடுப்புள்ளிக்கு நேரே சுவரில் மகள் ஒரு கூட்டல் குறி இடுகிறாள். பின்னர் வண்டியைத் திசை மாறாமல் நேராக 5 மீட்டர் பின்னுக்கு நகர்த்துகின்றனர். கூட்டல் குறிக்கு 5 சென்டிமீட்டர் கீழே சுவரில் ஒரு கிடைக்கோடு வரைகிறாள் மகள். 5 மீட்டருக்கு 5 சென்டிமீட்டர் தாழ்வு என்பது நூற்றுக்கு ஒன்று என்னும் சரிவு. மோட்டார் சைக்கிள்களுக்கான ஐக்கிய நாடுகள் அவையின் 53ஆம் எண் விதி, தாழ்ஒளியின் சரிவு நூற்றுக்கு 0.5 முதல் 2.5 வரை இருக்கலாம் என்கிறது. வண்டியின் கையேட்டில் வேறு அளவு தரப்பட்டிருந்தால், அதையே பின்பற்ற வேண்டும்.

இருள் கவியத் தொடங்கும் நேரத்தில் தந்தை இயந்திரத்தை இயக்கித் தாழ்ஒளியைப் போடுகிறார். இயந்திரம் ஓடினால் மட்டுமே பல வண்டிகளில் விளக்கு எரியும் என்பதால், புகை தேங்கும் மூடிய அறையில் இப்பணியைச் செய்யக் கூடாது. சுவரில் ஒளித்திட்டு விழுகிறது. அதன் மேல்விளிம்பு மகள் வரைந்த கோட்டைத் தாண்டி, கூட்டல் குறிக்கும் மேலே நிற்கிறது. தாய் டூமின் இருபுறமும் உள்ள மரைகளைச் சற்றே தளர்த்துகிறார். சில வண்டிகளில் இதற்கென விளக்கின் அடியில் ஒரு திருகாணியே இருக்கும். விளக்கை மெல்லக் கீழ்நோக்கி அசைக்க, ஒளியின் விளிம்பு இறங்கிவந்து கோட்டில் அமர்கிறது. மரைகளை இறுக்கிய பின் தாய் மீண்டும் ஒருமுறை சுவரைப் பார்க்கிறார். இறுக்கும்போதே விளக்கு சிறிது நகர்ந்துவிடுவது இயல்பு ஆதலால், இந்த இரண்டாம் பார்வையை ஒருபோதும் விடுதல் கூடாது.

பின்னிருக்கையின் எடை

பணி முடிந்தது என்று எண்ணும் வேளையில்தான் இப்பாடத்தின் முதன்மையான செய்தி சுவரில் தெரிகிறது. மகள் வந்து பின்னிருக்கையில் அமர்கிறாள்.

“அப்பா, நான் ஏறினதும் வெளிச்சம் மேலே போயிடுச்சே!”

அவள் சொல்வது உண்மையே. பின்னே ஒருவர் அமர்ந்ததும் பின்புற ஷாக் அப்சார்பர் அமுங்குகிறது. முன்புறம் அந்த அளவுக்கு அமுங்குவதில்லை. வண்டி முழுவதும் ஒரு துலாக்கோல்போல் சாய, அதனோடு விளக்கும் மேலே நோக்குகிறது.

இதன் விளைவைக் கணக்கிடப் பத்தாம் வகுப்பில் கற்ற வடிவொத்த முக்கோணங்களே போதும். இரு சக்கரங்களின் மையங்களுக்கு இடைப்பட்ட தொலைவு 130 சென்டிமீட்டர் எனவும், பின்புறம் முன்புறத்தைவிட 3 சென்டிமீட்டர் கூடுதலாக அமுங்கியது எனவும் கொண்டால், வண்டியின் சாய்வு நூற்றுக்கு 2.3 ஆகிறது. முன்பு நூற்றுக்கு 1 கீழ்நோக்கியிருந்த ஒளி, இப்போது நூற்றுக்கு 1.3 மேல்நோக்குகிறது. விளக்கு தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், 40 மீட்டர் தொலைவில் ஒளியின் மேல்விளிம்பு முன்பு 50 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது. இப்போது அது 142 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. எதிரே நடந்து வருபவரின் முழங்கால் அளவில் நின்ற ஒளி, மிதிவண்டியில் வரும் மாணவரின் முகத்திற்கு ஏறிவிட்டது. இவ்வளவுக்கும் வண்டியில் நிகழ்ந்த மாற்றம் மூன்று விரற்கடை அளவுகூட இல்லை.

தந்தைக்குப் பின்னே அமர்ந்து செல்லும் எந்த மாணவரும் தம்மைச் சாலையில் பங்கேற்பவராகக் கருதுவதில்லை. ஓட்டுபவர் தந்தை, தாம் அமர்ந்து செல்பவர் மட்டுமே என்பது அவர் எண்ணம். ஆனால், அவர் அமர்ந்ததாலேயே எதிரில் வருபவரின் பார்வை மாறுகிறது. அரிசி மூட்டையைப் பின்னே கட்டிச் செல்பவருக்கும், குழந்தைகளை முன்னும் பின்னும் ஏற்றிச் செல்பவருக்கும் இது பொருந்தும். ஆதலால், எப்போதும் இருவராகச் செல்லும் வண்டிக்கு இருவர் அமர்ந்த நிலையிலேயே விளக்கைத் திருத்துவது நலம். பின்புறச் சுருள்வில்லின் இறுக்கத்தை மாற்றும் வசதி இருந்தால், எடைக்கேற்ப அதை இறுக்குவதும் பயன் தரும்.

தாழ்விலும் அளவு வேண்டும்

எதிர்வருவோர்க்குத் தீங்கு நேரக் கூடாது என்பதற்காக விளக்கை அளவின்றித் தாழ்த்திவிடுவதும் தகாது. 90 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ள விளக்கு நூற்றுக்கு 5 என்னும் சரிவில் இருந்தால், அதன் ஒளி 18 மீட்டரிலேயே தரையைத் தொட்டுவிடும். மணிக்கு 60 கிலோமீட்டர் விரைவில் அத்தொலைவைக் கடக்க ஏறத்தாழ ஒரு நொடியே ஆகும். சாலையில் கிடக்கும் கல்லைக் கண் கண்டு, கை பிரேக்கைப் பற்றுவதற்குள் வண்டி அதன்மீது ஏறியிருக்கும். நூற்றுக்கு 1 என்னும் சரிவிலோ ஒளியின் விளிம்பு 90 மீட்டர் வரை செல்லும். தனக்கும் வழி தெரிய வேண்டும். பிறர்க்கும் கண் கூசக் கூடாது. இவ்விரண்டும் ஒருங்கே நிறைவேறும் இடம் மிகக் குறுகியது. 5 மீட்டர் தொலைவில் உள்ள சுவரில் அது சில சென்டிமீட்டர் அகலமே.

சட்டமும் இதனையே வலியுறுத்துகிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 106ஆம் விதி, முகப்பு விளக்கின் ஒளி கீழ்நோக்கித் தாழும் வகையில் அமைய வேண்டும் என்கிறது. விளக்கிற்கு 8 மீட்டர் முன்னே, வலப்புறம் அரை மீட்டர் விலகி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒரு மனிதரின் கண் இருப்பதாக அது கொள்கிறது. அக்கண் கூசக் கூடாது என்பதே விதி. விளக்கைப் பற்றிய சட்டம், விளக்கிலிருந்து தொடங்காமல் எதிரே நிற்பவரின் கண்ணிலிருந்து தொடங்குவது எண்ணத்தக்கது.

தெரிந்து தெளிவோம்

முன்னாளில் பேருந்து, சரக்குந்து, கார் ஆகியவற்றின் முகப்பு விளக்குக் கண்ணாடியில் கருவண்ணம் பூசியோ, நடுவே கரும்பொட்டு ஒட்டியோ ஒளியின் கூர்மையைக் குறைக்கும் வழக்கம் இருந்தது. 2017 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கப்படும் புதிய இருசக்கர வண்டிகளில், இயந்திரம் இயங்கும்போது முகப்பு விளக்கு தானாகவே எரியும் அமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. பகலிலும் வண்டியின் வருகை பிறர்க்குத் தெரிய வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

காண்பதற்கும் காட்டுவதற்கும்

சிலப்பதிகாரம் கலங்கரை விளக்கத்தைக் குறிப்பிடுகிறது. கடலோரத்தில் அதை ஏற்றியவர்கள் தங்கள் வழியைக் காண்பதற்காக ஏற்றவில்லை. யாரோ ஒரு மாலுமி கரையை அறிவதற்காக ஏற்றினர். அது முழுவதும் பிறர்க்கான ஒளி. வண்டியின் முகப்பு விளக்கு அப்படிப்பட்டதன்று. ஓட்டுபவர் தம் வழியைக் காண்பதற்கே அதை ஏற்றுகிறார். எனினும், எதிரே வருபவரும் அதே சாலையில், அதே இருளில் வருகிறார். அதனால், தமக்கென ஏற்றிய விளக்கிலும் பிறர்க்கெனச் சிறு தாழ்வு தேவைப்படுகிறது.

அத்தாழ்வைச் சரிபார்க்க அரை மணி நேரம் போதும். ஆண்டுக்கு ஒருமுறை, பல்பை மாற்றிய பின் ஒருமுறை, வண்டி கீழே விழுந்தால் உடனே ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் அது பெருஞ்சுமை ஆகாது. சுவரில் இட்ட சுண்ணக்கோடு அடுத்த மழையில் கரைந்துவிடும். மறுநாள் இரவில் வயலூர்ச் சாலையோரம், தூக்குச்சட்டியோடு எதிரே வரும் ஒருவர் கையை உயர்த்திக் கண்ணை மறைக்காமல் நடந்து செல்வார். அவருக்காக ஒரு வீட்டில் மாலைப்பொழுதில் ஒரு திருகாணி திருகப்பட்டதை அவர் அறியமாட்டார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள இருசக்கர வண்டியின் விளக்கு உயரத்தை அளந்து, நூற்றுக்கு 1 என்னும் சரிவில் 10, 20, 40 மீட்டர் தொலைவுகளில் ஒளியின் மேல்விளிம்பு எவ்வுயரத்தில் இருக்கும் எனக் கணக்கிட்டு அட்டவணைப்படுத்துக.

2. பெரியவர் ஒருவரின் துணையுடன் விளக்கின் ஒளியைச் சுவரில் பார்த்து, பின்னிருக்கையில் ஒருவர் அமர்வதற்கு முன்னும் பின்னும் ஏற்படும் மாற்றத்தைக் குறித்து வருக.

3. இரவில் நடந்தோ மிதிவண்டியிலோ செல்லும் உங்கள் ஊர் மக்களிடம், எதிர்வரும் வண்டிகளின் ஒளியால் நேரும் இடர்களைக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.

4. ‘மாலைக்கண்’ போல, உடல்நலம் குறித்து மக்கள் வழக்கில் உள்ள தமிழ்ச் சொற்கள் ஐந்தனைத் திரட்டி, அவற்றின் பொருத்தத்தை வகுப்பறையில் கலந்துரையாடுக.